நிரல் பொது, பெயர் தனி

கணிப்பொறி உலகில் யூனிக்ஸ், ஜீனிக்ஸ், அல்ட்ரிக்ஸ், ஐரிக்ஸ், மினிக்ஸ், லினக்ஸ் என்று ஒரே ஓசையில் முடியும் பெயர்கள் வரிசையாக நிற்பதைக் காண்பவர்கள், பெயரிட்டவர்களின் ரசனை ஒத்திருந்ததனாலோ, அக்காலத்து மோகம் அப்படி இருந்ததனாலோ இவ்வாறு அமைந்தது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அந்த வரிசையின் பெரும்பகுதிக்குக் காரணம் சட்டம். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதத் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம், அக்கூடத்தை நடத்திவந்த ஏ.டி. அண்ட் டி. என்னும் தொலைபேசிக் கம்பெனியின் சொத்தாக இருந்தது. 1956-ல் அரசாங்கத்தோடு ஏற்பட்ட ஓர் உடன்படிக்கையால் கணிப்பொறி வியாபாரத்தில் இறங்க முடியாதபடி கட்டுண்டிருந்த அக்கம்பெனி, நிரலைச் சர்வகலாசாலைகளுக்குச் சொற்பக் கட்டணத்திலும், பிற்பாடு வியாபார ஸ்தாபனங்களுக்கு லைசென்ஸ் முறையிலும் வழங்கியது. நிரலைக் கொடுத்ததே ஒழியப் பெயரைக் கொடுக்கவில்லை. 1980-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி யூனிக்ஸ் நிரலைப் பெற்று விற்க முற்பட்டபோது, அதே பெயரில் விற்க அனுமதி இல்லாமையால் ஜீனிக்ஸ் என்று வேறு பெயர் சூட்ட நேர்ந்தது. டிஜிட்டல் கம்பெனியின் அல்ட்ரிக்ஸும், சிலிகான் கிராஃபிக்ஸின் ஐரிக்ஸும், ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸும் இந்த வழியில் பிறந்தவையே. மூலம் எது என்பது கேட்பவர் காதில் பட வேண்டும், ஆனால் பெயரை அபகரித்ததாக எவரும் வழக்குத் தொடுக்க இடம் இருக்கக் கூடாது என்ற இரு நிர்ப்பந்தங்களுக்கு நடுவே அவை உருவாயின.

பெயரின் விஷயத்தில் இத்தனை கண்டிப்பு எதற்கு என்பதை அறிய, இரண்டு வெவ்வேறு உரிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் எழுதிய நிரலைப் பிறர் பிரதி செய்வதைக் கட்டுப்படுத்துவது பதிப்புரிமை. அது எழுதியவரின் நன்மைக்காக ஏற்பட்டது, காலவரையறை உடையது, அதை அவர் உலகத்துக்கே தானம் செய்துவிட்டாலும் நிரலுக்கு ஒரு குறைவும் நேராது. டிரேட்மார்க் என்று பொதுவாக வழங்கும் வியாபாரச் சின்னத்தின் உரிமையோ, வாங்குபவர் ஏமாறாமலிருக்க ஏற்பட்டது. இந்தப் பெயர் தாங்கிய சரக்கு இன்னாரிடமிருந்து வருகிறது என்ற நம்பிக்கையே அதன் ஜீவன். எவரும் எந்தச் சரக்குக்கும் இட்டு வழங்கலாம் என்று ஆகிவிட்ட பெயர் ஒருவரையும் குறிக்காது. ஆகையால் உடையவர் அதை இடைவிடாமல் காவல் காக்க வேண்டியவராகிறார். ஆஸ்பிரின் என்ற பெயர் 1921-லும், எஸ்கலேட்டர் என்ற பெயர் 1950-லும், மக்கள் வாயில் பொதுப்பெயராகிவிட்டன என்ற காரணத்தால் அமெரிக்காவில் தம் உடையவர்களின் கையை விட்டுப் போயின.

அந்நாட்டில் 1946-ல் இயற்றப்பட்ட லான்ஹாம் சட்டமும், அதன் அடியாக எழுந்த தீர்ப்புகளும் இன்னும் சில விதிகளைச் சேர்த்தன. பொருளின் தன்மையை வெறுமனே வர்ணிக்கும் பெயருக்கு எளிதில் பாதுகாப்புக் கிடைக்காது. எழுத்து வேறாயினும் ஓசையும் பொருளும் ஒத்து, சரக்கும் ஒரே வகையாக இருந்தால், முன்பே வழங்கிய பெயருக்கே முதலுரிமை. தன் பெயரை இன்னொருவருக்கு அனுமதிக்கிறவர் அவருடைய சரக்கின் தரத்தை மேற்பார்வையிடாமல் கைவிட்டால், சின்னத்தின் மீது தமக்குள்ள உரிமையையே இழக்க நேரிடலாம். கடிதம், எழுத்து, படம் என்று தொழிலைச் சொல்லும் பெயர்களை விட்டுவிட்டு, மென்பொருள் எழுதுகிறவர்கள் பறவைகளையும் விலங்குகளையும் புராணங்களையும் நாடிப் போனதற்கு முதல் விதி பெருங்காரணம். அப்படிப் போனவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டதற்கு இரண்டாவது விதி காரணம். மூன்றாவது விதிதான், நிரலை எல்லோருக்கும் பொதுவாக்குவோம் என்று விரதம் பூண்டவர்களையே நெடுநாள் பிரித்து வைத்தது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

யூனிக்ஸின் உடையவர்கள் தம் பெயரைக் காத்த விதம் அக்காலத்துத் தொழில்நுட்ப நூல்களில் பதிந்திருக்கிறது: அச்சொல் முதலில் வரும் இடத்தில், அது பெல் ஆய்வுக்கூடத்தின் வியாபாரச் சின்னம் என்று அறிவிக்கும் ஓர் அடிக்குறிப்பு தவறாமல் நிற்கும். 1990-களின் தொடக்கத்தில், பெர்க்லி சர்வகலாசாலையில் வளர்ந்த நிரலை விற்க முன்வந்த பி.எஸ்.டி.ஐ. என்ற சிறு கம்பெனி, தன் விற்பனைத் தொலைபேசி எண்ணை எழுத்துகளாகப் படித்தால் ‘இது யூனிக்ஸ்’ என்று பொருள்படும்படி அமைத்துக்கொண்டது. உடனே ஆக்ஷேபணைக் கடிதம் வந்தது. எண்ணைக் கைவிட்டு விளம்பரத்தைத் திருத்திய பின்னரும் வழக்குத் தொடரப்பட்டு, நிரலின் உரிமையையும் உள்ளே இழுத்துக்கொண்டு வளர்ந்த அந்த வழக்கு 1994-ல்தான் சமரசத்தில் முடிந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1983-ல், யூனிக்ஸுக்கு ஈடான ஓர் அமைப்பை முழுதும் புதிதாக எழுதிச் சுதந்திரமாக வழங்கப்போவதாக ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தபோது, அதற்கு அவர் இட்ட குனு என்ற பெயர், ‘குனு யூனிக்ஸ் அன்று’ என்னும் வாக்கியத்தின் முதலெழுத்துகளால் ஆகியிருந்தது.

லினக்ஸின் பெயருக்கு நேர்ந்தது வேறு வகையான ஆபத்து. 1991-ல் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளியிட்டபோது, பெயரைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கோ, உடன் உழைத்தவர்களுக்கோ தோன்றவில்லை. 1994-ல், அதன் ஆக்கத்தில் பங்கெடுக்காத பாஸ்டன்வாசி ஒருவர் லினக்ஸ் என்ற பெயரைத் தமதென்று பதிவு செய்ய விண்ணப்பித்து, மறு ஆண்டு பதிவும் பெற்று, பிறகு அப்பெயரில் பொருள் விற்போரிடம் வருமானத்தில் பத்து சதவிகிதம் கேட்டுக் கடிதங்கள் எழுதலானார். பலருடைய இலவச உழைப்பால் மதிப்புப் பெற்ற பெயருக்கு, உழைக்காத ஒருவர் வாடகை கேட்டது கண்டு கொதித்தவர்கள் ஒன்றுகூடி, பதிவை ரத்து செய்யுமாறு மனுச் செய்தார்கள். அமெரிக்கச் சட்டத்தில் உரிமை பதிவினால் மட்டும் பிறப்பதில்லை, முதலில் வழங்கியதனால் பிறக்கிறது என்ற கொள்கை அவர்களுக்குத் துணை நின்றது. 1997-ல் சமரசம் ஏற்பட்டு, பெயர் டோர்வால்ட்ஸின் வசம் வந்து சேர்ந்தது. சுதந்திர மென்பொருள்காரர்களுக்கு அன்றுதான் ஓர் உண்மை உறைத்தது என்பது என் அபிப்பிராயம்: சொந்தம் கொண்டாடுவதையே வெறுப்பவர்களும் பெயரை மட்டுமாவது சொந்தமாக்கிக்கொள்ளாவிட்டால், வேறொருவர் அதைச் சொந்தமாக்கிக்கொள்வார்.

இனி உலாவிகளின் கதைக்கு வருவோம். 1993-ல் இல்லினாய் சர்வகலாசாலையில் மொசைக் என்ற உலாவி வெளிவந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன், ஜிம் கிளார்க்கோடு கூடி 1994-ல் மொசைக் கம்யூனிகேஷன்ஸ் என்று கம்பெனி தொடங்கியதும், அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என்று சர்வகலாசாலை ஆக்ஷேபித்தது; அவ்வாண்டு நவம்பரிலேயே கம்பெனி நெட்ஸ்கேப் ஆயிற்று. 1998 மார்ச் 31 அன்று அந்த நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூல நிரலை உலகத்துக்குத் திறந்து விட்டது. ஆனால் திறந்து விட்ட நிரலுக்கு மோசில்லா என்ற பெயர்தான் கிடைத்தது, நெட்ஸ்கேப் என்ற பெயர் கம்பெனியிடமே தங்கிவிட்டது.

மோசில்லாத் தொகுப்பு நாளடைவில் கனத்துப்போகவே, அதில் உழைத்த சில இளைஞர்கள் உலாவியை மட்டும் பிரித்தெடுத்து, இலேசானதாக்கி, 2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழும் பறவை என்ற கருத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ஆனால் கணிப்பொறியின் அடிப்படை நிரலாகிய பயாஸை எழுதிவந்த ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி முன்பே இருந்தது. அதனிடம் ஒரு சிறிய உலாவியும் இருந்தது. ஆகவே ஆக்ஷேபணை எழுந்தது. 2003 ஏப்ரலில், அதே நெருப்புப் பறவையின் இன்னொரு பெயராக ஃபயர்பேர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டது. உடனே வேறொரு திசையிலிருந்து எதிர்ப்புக் கிளம்பிற்று: போர்லண்டு கம்பெனியின் இன்டர்பேஸ் நிரலிலிருந்து 2000-ல் கிளைத்து வளர்ந்த தரவுத்தள மென்பொருளுக்கு ஃபயர்பேர்ட் என்றே பெயர், அதுவும் திறந்த நிரல், அதை வளர்த்தவர்களில் பலரும் தொண்டர்களே. அவர்களிடம் பெரும் பணபலம் இல்லை; தங்கள் பெயரைத் தங்களைப் போன்றவர்களே எடுத்துக்கொண்டார்கள் என்ற மனக்கசப்பு மட்டும் மிகுதியாக இருந்தது. கம்பெனியின் ஆக்ஷேபணைக்கு வழிவிட்டவர்கள் இந்த எளியவர்களின் ஆக்ஷேபணைக்கும் வழிவிட்டதை, இந்த வரலாற்றில் மனத்துக்கு இதமான பகுதியாக நான் கருதுகிறேன்.

மூன்றாம் முறை எச்சரிக்கையாக நடந்துகொண்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரை வெளியிடுவதற்கு முன்பாகவே, 2003 டிசம்பரில், அமெரிக்கப் பதிவகத்தில் அதைப் பதிவு செய்யும் காரியம் தொடங்கிற்று. பிரிட்டனில் அதே பெயரை மென்பொருளுக்காக ஏற்கெனவே பதிந்திருந்த ஒரு கம்பெனியிடம் அனுமதி பெறும் வரை புதிய பதிப்பு தாமதித்தது. 2004 பிப்ரவரி 9-ல் பெயர் உலகுக்குத் தெரிந்தது. நவம்பர் 9-ல் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. இரண்டு பெயர்களை இழந்த பிறகு, எத்தனையோ பேரின் உழைப்புக்குப் பின் வந்த மூன்றாம் பெயரை, 2003-ல் நிறுவப்பட்டிருந்த மோசில்லா அறக்கட்டளை கண்ணுங்கருத்துமாகக் காக்கத் தலைப்பட்டதில் வியப்பில்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரசித்தி பெற்றதும், இலவசமாகக் கிடைப்பதை விலைக்கு விற்போரும், அதனோடு தீங்கான விளம்பர நிரலை ஒட்டி அதே பெயரில் பரப்புவோரும் தோன்றினார்கள். நிரலின் லைசென்ஸ் அவர்களைத் தடுக்கவில்லை, பெயரின் சட்டம் ஒன்றே தடுக்க வல்லதாயிருந்தது.

இந்தக் காவலின் குறுக்கே வந்தது டெபியன். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கி, உலகெங்குமுள்ள தொண்டர்கள் நடத்திவரும் இந்த லினக்ஸ் தொகுப்பு, எது சுதந்திர மென்பொருள் என்பதற்கு 1997-ல் சில நெறிகளை வகுத்துக்கொண்டது. டெபியனுக்கு மட்டும் என்று தனியே அளிக்கப்படும் சலுகை செல்லாது, டெபியனிடமிருந்து பெறுகிறவர் ஒவ்வொருவருக்கும் அதே உரிமை கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நிரலைத் திருத்துகிறவர் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று மூல ஆசிரியர் விதித்தால் அது சுதந்திரத்துக்கு விரோதமாகாது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிட்டே பின்னர் நடந்த சர்ச்சையைப் பேசுகிறார்கள். டெபியனுக்கு நடைமுறைத் தேவை ஒன்றும் இருந்தது. ஒரு பதிப்பை நிலையானது என்று வெளியிட்டால், பல ஆண்டுகள் அதை மாற்றாமல் வைத்து, பாதுகாப்புக் குறைகளை மட்டும் பழைய நிரலிலேயே திருத்தித் தருவது அதன் சம்பிரதாயம். மோசில்லாவோ பழைய பதிப்புகளை விரைவில் கைவிட்டுப் புதியவற்றுக்குப் போய்விடும். ஆகவே டெபியன் வழங்கிய ஃபயர்ஃபாக்ஸ், டெபியனின் திருத்தங்களைத் தாங்கியதாகவே இருந்தாக வேண்டியிருந்தது. மேலும் உலகைச் சுற்றி வளைந்திருக்கும் நெருப்பு நரியின் ஓவியம் சுதந்திர லைசென்ஸில் வராததால், அதை நீக்கிவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு டெபியன் வழங்கிவந்தது.

2006 பிப்ரவரியில் மோசில்லாவின் சார்பில் டெபியனுக்கு ஓர் அறிவிப்பு வந்தது: பெயரைப் பயன்படுத்துவதானால் ஓவியத்தையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும், செய்யும் திருத்தங்களை மோசில்லாவிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும், இயலாதாயின் பெயரை விட்டுவிட வேண்டும். மேற்பார்வை இல்லாத அனுமதி சின்னத்தையே கெடுத்துவிடும் என்ற விதியை அறிந்தவர்கள் இந்த நிபந்தனையைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் அவசரமாக அடைக்க வேண்டிய பாதுகாப்புத் துளைக்கும் வெளியாரின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது டெபியனால் ஆகாத காரியம். சுதந்திரமற்ற ஓவியத்தைச் சேர்ப்பதும் ஆகாது. தனக்கு மட்டும் விசேஷ அனுமதி பெற்றுக்கொள்வதும் தன் நெறிக்கே முரண். பல மாதம் விவாதித்த பிறகு டெபியன் பெயரை விட்டது. ஃபயர்ஃபாக்ஸ் ஐஸ்வீசல் ஆயிற்று, தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரல் ஐஸ்டவ் ஆயிற்று, சீமங்கி என்ற மோசில்லாத் தொகுப்பு ஐஸேப் ஆயிற்று. நெருப்புக்குப் பனியையும் நரிக்கு மரநாயையும் எதிரே நிறுத்திய இப்பெயர்களோடு 2007 ஏப்ரலில் டெபியன் 4.0 வெளிவந்தது. அதே காலத்தில் குனு திட்டத்தாரும் ஐஸ்வீசல் என்ற பெயரில் ஓர் உலாவியை வழங்கி வந்தார்கள். இரண்டும் குழம்பலாகாது என்று அவர்கள் தங்களுடையதை ஐஸ்கேட் என்று மாற்றிக்கொண்டார்கள்.

இச்சண்டையில் ஒரு தரப்பைப் பேராசைக்காரர் என்றும் மறு தரப்பைப் பிடிவாதக்காரர் என்றும் பழித்தவர்கள் பலர். இரண்டு பழியும் அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. மோசில்லா நிரலைத் திரும்பக் கேட்கவில்லை. பெயரை மட்டுமே கேட்டது. டெபியனும் தன் பெயரைச் சட்டத்தின் காவலில் வைத்திருந்ததுதான்: பொதுநலத்துக்கான மென்பொருள் என்ற பொருள்படும் பெயர்கொண்ட ஓர் அறநிறுவனத்தின் வசம் டெபியன் என்ற சின்னம் பதிவாகியிருந்தது, தன் உத்தியோக முத்திரைக்கு அது கட்டுப்பாடும் விதித்திருந்தது. ஆயினும் குறை எங்கே என்று கேட்டால், மேற்பார்வை என்பதைத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டிப் பெறும் ஒப்புதல் என்று மோசில்லா குறுக்கிப் பொருள் கொண்டதில்தான் இருக்கிறது என்பேன். சரக்கு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். பல ஆண்டுகள் ஒழுங்காகப் பராமரித்து வந்த ஒருவரின் கைத்திறனை அறிந்து நம்புவதும் மேற்பார்வைதான்.

இதே காலத்தில் வேறு சிலரும் தம் பெயரை இழந்தார்கள், ஆனால் அங்கே நியாயம் இவ்வளவு சமமாகப் பங்கிடப்பட்டிருக்கவில்லை. வலைப்பின்னலில் ஓடும் செய்திகளை ஆராயும் ஈதிரியல் என்ற கருவியை 1998-ல் வெளியிட்ட ஜெரால்டு கோம்ப்ஸ், 2006-ல் வேலை மாறியபோது, நிரலைத் தம்மோடு கொண்டுபோக முடிந்தது, பெயரைக் கொண்டுபோக முடியவில்லை. அது பழைய எஜமானரின் சொத்து. அன்று அவர் சூட்டிய வயர்ஷார்க் என்ற பெயரே இன்று அத்தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்த பெயர். சன் கம்பெனி திறந்து விட்ட அலுவலக மென்பொருள், நெதர்லாந்தில் வேறொருவர் அப்பெயரைப் பதிந்திருந்ததால், ஓபன்ஆபீஸ் என்று மட்டும் நில்லாமல் ‘டாட் ஆர்க்’ என்ற வாலையும் பெயரின் பகுதியாகச் சுமந்தது. பிரேசிலில் அதுவும் செல்லாமல் பிஆர்ஆபீஸ் ஆயிற்று. சன்னை ஆரக்கிள் வாங்கிய பின், 2010 செப்டம்பரில் தொண்டர்கள் தனியே பிரிந்து, பெயரைத் தங்களுக்கு அளிக்குமாறு வேண்டிக்கொண்டார்கள், கிடைக்கவில்லை, தற்காலிகமாக வைத்த லிப்ரெஆபீஸ் என்ற பெயரே நிலைத்தது. 2011 ஜனவரியில் அதே ஆரக்கிளோடு எழுந்த பெயர்ச் சர்ச்சையால் ஹட்சன் என்ற கருவியின் தொண்டர்கள் ஜென்கின்ஸ் என்று மாறினார்கள். எழுதியவர்களும் பராமரித்தவர்களும் ஒரு பக்கம் போக, பெயர் மட்டும் மறு பக்கம் தங்கிய இவ்விடங்களில், இன்னார் செய்தது என்று வாங்குவோருக்கு உண்மை சொல்ல ஏற்பட்ட சட்டம், உண்மைக்கு மாறான திசையைக் காட்டிக்கொண்டு நின்றது. பயனாளிகள் பெயரை விட்டு ஆட்களைப் பின்தொடர்ந்து போனார்கள்.

டெபியனுக்கும் மோசில்லாவுக்கும் சமாதானம் உண்டாகப் பத்து ஆண்டுகள் ஆயின. அதுவும் வழக்கினாலோ பஞ்சாயத்தினாலோ உண்டாகவில்லை, இரு தரப்பின் நடைமுறைகளும் மெல்ல நெருங்கியதனால் உண்டாயிற்று. 2012-ல் மோசில்லா நெடுங்கால ஆதரவுப் பதிப்பு ஒன்றை வெளியிடத் தொடங்கியது. டெபியன் தன் நிலையான பதிப்புகளில் அதையே ஏற்றுக்கொள்ளவே, பழைய நிரலில் கைவைத்துத் திருத்த வேண்டிய தேவை குறைந்தது. ஓவியமும் சுதந்திர லைசென்ஸுக்கு வந்தது. டெபியன் செய்யும் திருத்தங்கள் தரத்தைக் கெடுப்பவை அல்ல என்று மோசில்லா ஒப்புக்கொண்டது. இந்த இணக்கம் டெபியனிடமிருந்து நிரலைப் பெற்று மேலும் வழங்குவோருக்கும் இடைஞ்சல் ஆகாது என்றும் தெளிவாயிற்று. 2016-ல் ஐஸ்வீசல் மறைந்து ஃபயர்ஃபாக்ஸ் மீண்டது. 2017-ல் ஐஸ்டவ் தண்டர்பேர்டுக்கு இடம் கொடுத்தது.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும், எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் சொற்பிழை காணும் கருவிகளையும் ஊதியம் கருதாமல் எழுதி வழங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இது. நிரலுக்கு எந்த லைசென்ஸ் என்று தீர்மானிக்கும் அன்றே, பெயர் யாருடையது என்பதையும் தீர்மானித்து எழுதி வையுங்கள். இந்தியாவில் 1999-ம் ஆண்டின் வியாபாரச் சின்னச் சட்டப்படி நடைபெறும் பதிவகத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. மென்பொருள் ஒன்பதாம் வகுப்பில் வருகிறது. ஒரு பெயரை முன்பே எவரேனும் பதிந்திருக்கிறார்களா என்று பதிவேட்டில் தேடிப் பார்ப்பது எவருக்கும் திறந்திருக்கிறது. பெயரை ஒரு தனி மனிதரிடமோ, அவருக்கு இன்று சம்பளம் கொடுக்கும் கம்பெனியிடமோ விட்டுவிடாமல், உழைப்போர் எல்லோருக்கும் பொதுவான ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படையுங்கள். உங்கள் நிரலைத் திருத்தி வழங்க விரும்புகிறவர் எந்த நிபந்தனையில் உங்கள் பெயரை வைத்துக்கொள்ளலாம், எப்போது வேறு பெயருக்குப் போக வேண்டும் என்பதை, முதல் பிணக்கு வரும் வரை காத்திராமல், முதல் வெளியீட்டோடு சேர்த்தே அறிவித்துவிடுங்கள்.